பையிலிருந்து எடுக்காத கேமரா

ஒளிப்படக் கலையில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பறவைகளைப் படமெடுத்து வரும் நான், அதற்கு விடை சொல்லும் முன், ஏரிக்குப் போனதும் முதல் அரைமணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்பேன்.

இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு தவறு. ஒரு கோடையில், எங்கள் ஊர் ஏரிக்கரையின் வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவியைக் கண்டு, தரையோடு தவழ்ந்து நெருங்கினேன். ஆணும் பெண்ணும் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. அது என்னை விரட்டும் குரல் என்று தெரிந்தும், ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தேன். படம் மிகத் தெளிவாக வந்தது. சுடும் வெயிலில் முட்டைகளைக் காக்க, இப்பறவை தன் வயிற்றுப் பகுதியை நீரில் நனைத்துக்கொண்டு வந்து அவற்றின் மேல் அமரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நான் கிடந்த அந்த ஒரு மணி நேரமும் அது அமரவே இல்லை. மறுவாரம் சென்றபோது பள்ளம் மட்டுமே இருந்தது; குஞ்சுகள் பொரிந்தனவா, காக்கை கொண்டுபோனதா என்று அறிய வழியில்லை. அந்தப் படத்தை நான் எங்கும் வெளியிடவில்லை.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணனை அதன்பின் வேறு கண்ணோடு படித்தேன். 1996இல் மறைந்த அவர், தாமே உறுப்புகளை இணைத்து உருவாக்கிக்கொண்ட கனமான கேமராவைச் சுமந்து, காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்தவர். அவர் எழுத்தில் விலங்கின் நடத்தையே முதலில் நிற்கிறது. அதை நெடுநாள் கவனித்த ஒருவரின் கையில்தான் அந்தக் கேமரா இருந்திருக்கிறது.

வெறுமனே பார்த்திருக்கும் அரைமணி நேரம் வீணாவதில்லை. பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும். எனவே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று அறிந்து அதற்கு முதுகைக் காட்டி நின்றால், அவை முகம் தெரிய நம்மை நோக்கியே எழும். கொக்கு இரை தேடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை உயர்த்தினால், நாம் மிக அருகே வந்துவிட்டோம் என்று பொருள். அப்போது இரண்டடி பின்வாங்குவதே முறை. இவற்றை எந்த லென்ஸும் சொல்லித் தராது.

இரவில் அன்றைய படங்களைப் பார்க்கும்போது, கெட்டுப்போனவற்றை உடனே அழிக்காமல், ஏன் கெட்டன என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஷட்டர் வேகம் குறைவு என்பதைவிட, 'அவசரப்பட்டேன்' என்ற சொல்லே அதில் அதிகம்.

இந்த ஆண்டும் அதே கரையில் ஓர் ஆள்காட்டி முட்டையிட்டது. அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: 'முட்டை நான்கு. சாலையிலிருந்தே பார்த்தேன். பகல் பதினொன்றரைக்குத் தாய் நனைந்த வயிற்றோடு வந்து அமர்ந்தது. படம் எடுக்கவில்லை.'