பதினொரு விநாடி

மூன்று மாதத்துக்கு முன்னால் என் சித்தி மகள் ரயில்வேயின் கடைநிலைப் பணிகளுக்கான குரூப் டி தேர்வில், பிசிக்கல் என்கிற உடல்திறன் தேர்வில் தோற்றுவிட்டாள். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க், மூட்டை தூக்கியதில் பாஸ், ஓட்டத்தில் பதினொரு விநாடி கூடிப் போய்விட்டது. மைதானத்துக்கு வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற சித்தப்பா தன் போனில் டைம் வைத்திருந்தார், அதனால்தான் அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பியவள் போனை அணைத்துவிட்டு உள்அறையில் படுத்துக்கொண்டாள். "நீயாவது வந்து சொல்லும்மா, ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்று சித்தி கூப்பிட்டதும், அந்த ஞாயிற்றுக்கிழமையே செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் பஸ் ஏறினேன். அன்றைக்கு அவளிடம் பேசியதையும் அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதுகிறேன். அவளை மாதிரியே திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களில் ஒருத்தராவது இதைப் படிக்க வேண்டும் என்று இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக அந்தத் தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் 20 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு, நடுவில் எங்கும் கீழே வைக்காமல், 100 மீட்டரை 2 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். அப்புறம் 1000 மீட்டரை 5 நிமிடம் 40 விநாடிக்குள் ஓட வேண்டும். ஆண்களுக்கு 35 கிலோ, ஓட்டத்துக்கு 4 நிமிடம் 15 விநாடி. எதற்கும் ஒரே ஒரு வாய்ப்புதான். இதற்கென்று மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். மாதக்கணக்கில் கணக்கும் பொது அறிவும் படித்து எழுதி வாங்கிய மார்க்கெல்லாம் இந்தச் சில நிமிடங்களில் நின்றுவிடும் என்பதுதான் பிள்ளைகளை உடைத்துவிடுகிறது.

மூட்டையை அவள் சுலபமாகக் கடந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ரேஷனில் 20 கிலோ அரிசி போடும் நாளில் பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கடையிலிருந்து வாய்க்கால் கரை வழியாக வீடு வரைக்கும் இறக்காமல் வருகிறவள் அவள். சித்தப்பா விடியுமுன்னே ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் வெட்டப் போய்விடுவார், அதனால் பாரம் எல்லாம் இவள் தலையில்தான். அவளுக்கு 100 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

ஓட்டம் எங்கே போச்சு என்று அவளையே சொல்லச் சொன்னேன். முதலில் "தெரியலக்கா, முடியல" என்றுதான் வந்தது. சித்தப்பா போனை எடுத்துக்காட்டிய பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். 400 மீட்டர் தடத்தில் இரண்டரை ரவுண்டு. சீராக ஓடினால் ஒரு ரவுண்டுக்கு 2 நிமிடம் 16 விநாடி எடுத்துக்கொள்ளலாம். இவள் முதல் ரவுண்டை 1 நிமிடம் 50 விநாடியில் முடித்திருக்கிறாள், பக்கத்தில் ஓடிய இரண்டு பேர் பாய்ந்ததைப் பார்த்து இவளும் பாய்ந்திருக்கிறாள். இரண்டாவது ரவுண்டு 2 நிமிடம் 25. கடைசி அரை ரவுண்டுக்கு மட்டும் 1 நிமிடம் 36 ஆகியிருக்கிறது, விலாவைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட நடந்திருக்கிறாள். இதற்கு மேல் இன்னொன்று, ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே போயிருக்கிறாள், காலையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட், காலில் நாலு நாளைக்கு முன் வாங்கிய புது ஷூ. இத்தனையையும் சுமந்துகொண்டு ஓடியும் பதினொரு விநாடியில்தான் தவறியிருக்கிறாள். உடம்பில் தெம்பில்லாத பிள்ளைக்கு இது முடியாது, ஓட்டத்தைப் பங்கு போடத் தெரியாமல் ஓடியிருக்கிறாள் என்று சொன்னபோதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

சித்தப்பா சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. விசில் ஊதியபோது அவளுக்கு இன்னும் இருபது இருபத்தைந்து மீட்டர் பாக்கி. கூட ஓடிய பிள்ளைகள் அங்கங்கே நின்றுவிட்டார்கள், சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. இனி பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் ஓடிப்போய்க் கோட்டை மிதித்துவிட்டுத்தான் குனிந்தாள்.

நான் பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கிற மலைப்பாதையில் டிராக் மெயின்டெய்னர், தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலை. இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைசி இருபது மீட்டரை ஓடியவளை என் கேங்கில், அதாவது என் வேலைக் குழுவில், பக்கத்தில் நிறுத்திக்கொள்ள நான் இன்றைக்கே தயார்.

ஓட்டம் எதற்கு, தண்டவாள வேலைக்குக் கடப்பாரை பிடிக்கத் தெரிந்தால் போதாதா என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள். நியாயமான கேள்விதான், வேலையில் சேர்ந்த புதிதில் நானும் கேட்டிருக்கிறேன். பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, மண் சரிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ட ஆள் வண்டி வருகிற திசையில் சிவப்புக் கொடியை, ராத்திரியென்றால் சிவப்பு விளக்கை, காட்டிக்கொண்டே ஓட வேண்டும். அகலப் பாதையில் (பிராட் கேஜ்) தடை கிடக்கிற இடத்திலிருந்து 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர் வைக்க வேண்டும், இன்னும் ஓடி, தடையிலிருந்து 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் அது வெடிக்கும், அந்தச் சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்துவார். எங்களுடையது ஒற்றைப் பாதை, இரண்டு பக்கமும் காபந்து பண்ண வேண்டும். அறிவிப்பில் 1000 மீட்டர் ஓட்டத்துக்கு யாரும் காரணம் எழுதவில்லை, ஆனால் சாரல் அடிக்கிற ஆடி மாதத்தில் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே நடக்கிற எனக்கு, அது இந்த ஓட்டம்தான் என்று படுகிறது.

எங்கள் பழைய மேட், அதாவது கேங்கின் தலைவர், தென்மலைக்காரர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார், 2010-இல் இந்தப் பக்கம் பழைய மீட்டர் கேஜ் பாதை நிறுத்தப்படும் வரை அதிலும் வேலை பார்த்தவர், 2018-இல் அகலப் பாதையாகத் திறந்த பிறகும் இருந்தவர். ஒரு மழைக்காலத்தில் வெட்டுப் பள்ளத்துக்குள் பெரிய மரம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து, செருப்பு அறுந்து போனதுகூடத் தெரியாமல் ஜல்லியில் ஓடினேன் என்று சொல்வார். வண்டி நின்ற பிறகுதான் காலில் ரத்தத்தைப் பார்த்தாராம். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஜல்லிக்கல்லில் கணுக்கால் மடங்கி மடங்கி விழப்போனபோது, "மோளே, கல்லு நோக்கண்ட, ஸ்லீப்பர் நோக்கு" என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கல்லைப் பார்க்காதே, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற ஸ்லீப்பர் கட்டையைப் பார்த்து நட என்று. அந்த ஒரு வார்த்தையில் என் நடையே மாறிப்போனது. எனக்கும் அதுவரை யாரும் நடக்கச் சொல்லித்தரவில்லை என்பதை அவளிடம் சொன்னேன், உனக்கு ஓடச் சொல்லித்தந்தது யார் என்று கேட்டேன். யாரும் இல்லை. யூடியூப் பார்த்துக்கொண்டு தார் ரோட்டில் தனியாக ஓடியிருக்கிறாள், ஒரு நாள்கூட 1000 மீட்டரை அளந்து டைம் வைத்து ஓடிப் பார்த்ததில்லை.

ஆறுதலுக்காகப் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன், சொல்லவும் இல்லை. இந்த அறிவிப்பில் அவளுக்கு முடிந்துவிட்டது. வாங்கிய மார்க் அடுத்ததற்கு வராது, புது அறிவிப்பு வந்து, விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்விலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும், அது எப்போது வரும் என்பது அவள் கையில் இல்லை. வலிக்கத்தான் செய்யும். சரி, அழட்டும் என்று கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நானும் இதற்கு முன்னால் ஒரு சீருடைப் பணித் தேர்வில் வளைவில் கால் இடறி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தவள்தான், அந்தத் தழும்பைக் காட்டினேன். அவளுக்கு வயது 24. வயது வரம்புக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது.

தெருவில் நாலு பேர் "பொம்பளைப் பிள்ளைக்குத் தண்டவாள வேலை எதுக்கு, கடவுளே பார்த்துத் தடுத்திருக்கார்" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. தோற்று வந்த வீட்டில் இதைச் சொல்லாதீர்கள். ஒரு மீட்டர் தண்டவாளம் 60 கிலோ, ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர் 250 கிலோவுக்கு மேல், இதையெல்லாம் எந்த ஆம்பிளையும் தனியாகத் தூக்குவதில்லை. பத்துப் பேர் குரல் கொடுத்து ஒன்றாகத்தான் நகர்த்துகிறோம். என் குரலும் அதில் ஒன்று.

பேசிக்கொண்டிருந்தபோது அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெளுத்துக் கிடந்தது. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்தது, அந்தப் பாதியில் எங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருத்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரத்தம் குறைந்தால் தசைக்குப் போகிற பிராணவாயு குறையும், கடைசி ரவுண்டில் கால் கல்லாய்க் கனக்கும். அவளைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்திருக்க வேண்டும், அவளோடு பிறந்த மாதிரி இருக்கிற நானும் பார்க்கவில்லை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், மாத்திரையோடு டீ குடிக்காதே என்று சொல்லி அனுப்பினார், டீ அந்தச் சத்தை உடம்பில் ஏறவிடாதாம். மாத்திரை போட்ட கையோடு டீ டம்ளரைத் தூக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு, அது அன்றோடு போனது.

பிசிக்கலில் தோற்ற பிள்ளைகளே, உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன், முதலில் ரத்தம் பாருங்கள், அப்புறம் உங்கள் ஓட்டத்தைத் துண்டு துண்டாக எழுதிப் பாருங்கள், எந்தத் துண்டில் விட்டீர்கள் என்று தெரியும். ஷூவை ஒரு மாதமாவது பழக்குங்கள். முடிந்தால் முந்தின நாளே போய்ச் சேர்ந்து தூங்குங்கள், லாட்ஜுக்குச் செலவாகுமே என்று வீட்டில் தயங்கினால் அந்தச் செலவுக்கு என் மாதிரி ஒரு அக்காவைக் கேளுங்கள், கொடுப்பார்கள். ஓட்டமே ஒத்துவராத உடம்பு என்றால் அதிலும் குறையில்லை, ரயில்வேயிலேயே என்டிபிசி (கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி வேலைகள்), டெக்னீசியன், அசிஸ்டன்ட் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வுகளில் இந்த ஓட்டம் கிடையாது, படித்த படிப்பைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பலாம்.

அவளுக்குத் திரும்ப மனசில்லை. செங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் அளந்து சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கிறோம். ஐந்து ரவுண்டு, ரவுண்டுக்கு 68 விநாடி. எனக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் காலை ஆறு மணிக்கு நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மற்ற நாளில் சித்தப்பா நிற்கிறார், அதற்காக ரப்பர் வெட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போகிறார். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மைதானத்தின் ஒரு பக்கத்தில் நெஞ்சில் முட்டும், மறுபக்கத்தில் முதுகைத் தள்ளும். முதல் மாதம் அவள் தள்ளுகிற பக்கத்தில் பாய்ந்து, முட்டுகிற பக்கத்தில் தவித்தாள். "ஏட்டி, உன் மூச்சைக் கேளு, காத்தைக் கேக்காத" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதல் வாரம் 6 நிமிடத்துக்கு மேல். போன வாரம் 67, 68, 69, 68, 65. கூட்டினால் 5 நிமிடம் 37.

மூன்று விநாடிதான் மிச்சம், தேர்வு நாளின் படபடப்பில் அது பறந்துவிடும், 5 நிமிடம் 10 வரும் வரைக்கும் விடுவதாக இல்லை. அன்றைக்கு ஓடி முடித்ததும் கோட்டைத் தாண்டியும் அவள் நிற்கவில்லை, இன்னும் இருபது மீட்டர் போய்த்தான் திரும்பினாள். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: "அக்கா, நாளைக்கு உங்க போன்லயே டைம் வைங்க, அப்பா போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. அஞ்சே முக்காலுக்கே வந்துருவேன்."