கல்லாவும் ஒன்பதாம் வாய்ப்பாடும்

என் மனைவி தன் அம்மா வீட்டுக்குச் சென்று மூன்று நாள்கள் ஆகின்றன. அந்த மூன்று நாள்களும் எங்கள் எழுதுபொருள் கடையின் கல்லாவில் பணம் குறைந்திருக்கிறது. முதல் நாள் 40, இரண்டாம் நாள் 15, நேற்று 270. பதினொரு மாதங்களாக ஒரு நாள்கூடப் பிசகாமல், அன்றாட விற்பனையை எழுதும் என் சிட்டையும் கல்லாவும் ஒத்துப்போகின்றன என்று நான் போகும் இடமெல்லாம் மார்தட்டி வந்ததை நீங்கள் அனைவரும் பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள். நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, பாதி இழுத்த கதவுக்கு உள்ளே, நாணயங்களை நான்காவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் பெருமை முழுவதும் வடிந்து போயிற்று.

வெறும் 270-க்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். நூறுக்கு விற்றால் இருபத்தைந்து நிற்கும் கடையில், தொலைந்த 270-ஐ மீட்க 1,080-க்கு விற்றாக வேண்டும். வாடகையும் மின் கட்டணமும் கடைப்பையன் சம்பளமும் அதற்கு மேல். இந்தக் கணக்கை என் மைத்துனருக்குப் புரியவைக்க நான் எடுத்த முயற்சிகள் அனைத்தும் வீண். பத்து சதவீதம் தள்ளுபடி அறிவித்தால் கூட்டம் அள்ளும் என்று அவர் வரும்போதெல்லாம் சொல்கிறார். நூறில் பத்தை விட்டுக்கொடுத்தால் இருபத்தைந்தாக இருந்த லாபம் பதினைந்தாகிவிடும், அதன்பின் பழைய லாபத்தைத் தொடுவதற்கே நூறு பொருள் விற்ற இடத்தில் 167 விற்க வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தம் மகளுக்கு இரண்டு குறிப்பேடுகளைத் தள்ளுபடி விலையில் வாங்கிச் சென்றார்.

நேற்றைய பற்றாக்குறைக்கு வருகிறேன். துப்பறிவாளனின் முறைப்படி முதலில் சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலைத் தயாரித்தேன். கடைப்பையன், பெருக்கும்போது கிடைத்த ஒற்றை நாணயத்தைக்கூட உள்ளங்கையில் நீட்டி, "அண்ணா, இது உங்களுடையதா?" என்று கேட்பவன். என் மகன் கல்லாவைத் தொடுவதில்லை. தரம் பார்க்கிறேன் என்று வண்ணப் பேனாக்களைத்தான் எடுத்துச் செல்கிறான், அந்தத் தரப் பரிசோதனை மூன்று ஆண்டுகளாக முடியவில்லை. என் மனைவியோ ஊரிலேயே இல்லை. அவள் இல்லாத நாள்களில் மட்டும் பணம் குறைகிறது என்பதிலிருந்து எந்த முடிவுக்கு வருவது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எஞ்சியவன் நான். பேருந்துக்குச் சில்லறை, மறதியாக எடுத்த ஒரு தாள் என்று கல்லாவை என் சட்டைப்பையின் நீட்சியாகக் கருதும் பழக்கம் எனக்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

கல்லா என்றாலே கவலை என்பது பழைய கதை. அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்ற கவலையில் உடல்நலம் குன்றி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கப்பலின் உந்துவிசிறி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணும் கருவியைக் கண்டதும், விற்பனையையும் இப்படி எண்ணலாமே என்று தோன்றி, ஊர் திரும்பி, 1879-இல் பணப்பதிவு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஓய்வுக்காகச் சென்ற பயணத்திலும் கல்லாவையே நினைத்துக்கொண்டிருந்த அந்த மனிதரை என் உடன்பிறப்பாகவே உணர்கிறேன். ஆனால் ஊழியர் திருடாமல் இருக்க வழி கண்ட அவர், முதலாளியே எடுத்துவிட்டு மறந்துபோவதற்கு ஒரு வழியும் கண்டாரில்லை. அதற்கும் முன்பு, 1494-இல் வெனிசில் அச்சான கணித நூலில், ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடங்களில் பதியும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கிய லூக்கா பாச்சோலி ஒரு துறவி. குடும்பம் இல்லாதவர் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது?

நள்ளிரவை நெருங்கும்போதுதான் எங்கள் கடைக் கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. குறையும் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். 270 வகுபட்டது. நூறின் இடமும் பத்தின் இடமும் மாறினால் பிழை தொண்ணூறின் மடங்காக வரும்; 270-ஐத் தொண்ணூறால் வகுத்தால் 3. அப்படியானால் நூறின் இடமும் பத்தின் இடமும் மாறியிருக்க வேண்டும், அவ்விரண்டு இலக்கங்களுக்கும் இடையே வித்தியாசம் மூன்றாக இருக்க வேண்டும். சிட்டையில் விரலை ஓட்டினேன்: 410, 630, 850 என்று மூன்று பதிவுகள் அகப்பட்டன. முதல் இரண்டுக்கும் ரசீதுகள் சரியாக இருந்தன. மூன்றாவது ரசீது, மாலையில் சூடான குவளையை வைத்திருந்த இடத்தில், வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. அந்தத் தாளில் அச்சடிப்பது மை அன்று, வெப்பம். ஆகவே குவளையின் அடிப்பாகமும் தன் பங்குக்கு அச்சடித்துவிட்டிருந்தது. விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தபோது கருவளையத்துக்குள் 580 என்பது மங்கலாகத் தெரிந்தது. எழுத்து என்னுடையது, பிழையும் என்னுடையது, குவளையும் என்னுடையது.

அந்த வெற்றியைச் சொல்வதற்கு ஆள் வேண்டும் அல்லவா? நேரம் பார்க்காமல் மனைவியை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்து, நலம்கூட விசாரிக்காமல், "எவ்வளவு குறைகிறது?" என்று கேட்டாள்.

குறைகிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, கீழ் இழுப்பறையில், உலர்ந்துபோன மைப்புட்டிகளுக்குப் பின்னால் ஒரு குண்டூசி டப்பா இருக்கிறது, போகிற அவசரத்தில் அதில் பணம் வைக்க மறந்துவிட்டேன் என்றாள்.

டப்பாவுக்குள் மடித்து மடித்துத் துணிபோல் ஆகிவிட்ட ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. அதில் அவள் கையெழுத்தில் பதினொரு மாதக் கணக்கு. கல்லாவில் மிகுந்த நாள்களுக்குக் கூட்டல் குறி, குறைந்த நாள்களுக்குக் கழித்தல் குறி. மிகுந்ததை டப்பாவில் போட்டிருக்கிறாள். குறைந்ததை டப்பாவிலிருந்து எடுத்து, அதுவும் போதாதபோது தன் சம்பளத்திலிருந்து எடுத்து, நான் வெளியே நின்று கதவோடு மல்லுக்கட்டும் அந்த ஐந்து நிமிடத்தில் கல்லாவை நிரப்பியிருக்கிறாள். அவள் கூட்டி வைத்த பிறகு நான் சரிபார்ப்பேன், சரியாகத்தானே இருக்கும். கூட்டல் 610, கழித்தல் 1,985. வித்தியாசம் 1,375. பழக்க தோஷத்தில் அதையும் ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், வகுபடவில்லை. இது கை தவறி எழுதிய தொகை அன்று.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "நான்கு நாணயத்துக்காக நீங்கள் விடிய விடிய விளக்கை எரிய விட்டால் மின் கட்டணம் யார் கட்டுவது? எனக்கும் தூக்கம் வேண்டாமா?" என்றாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. சென்ற ஆண்டுக் கணக்கில் லாபம் காட்டியிருக்கிறதே, அந்த லாபம் எங்கே என்று நான் கேட்டபோது, எங்கள் தணிக்கையாளர் விற்காமல் நிற்கும் பழைய நாட்குறிப்பேடுகளையும் கடன் வாங்கிச் சென்றவர்களின் பட்டியலையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டினார். ஜனவரி கடந்தால் நாட்குறிப்பேடு கோடு போட்ட தாள்தான். கடன் வாங்கியவரோ நம்மைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறார். கையில் எண்ணக்கூடியதாக இருந்த பணத்தின் ஒரு பகுதி குண்டூசி டப்பாவிலிருந்து வந்தது என்பது அவருக்கும் தெரியாது.

இன்று காலை பேரேட்டைத் திறந்து, கடன் கொடுத்தோர் பக்கத்தில், காகித மொத்த வணிகரின் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதி 1,375 என்று பதிந்தேன். இலக்கங்களை இருமுறை சரிபார்த்தேன். அடுத்த வாரம் தீர்த்துவிடுகிறேன் என்று அவளுக்குத் தொலைபேசியிலும் சொன்னேன். காகிதக்காரரிடமும் இதே குரலில்தான் சொல்கிறீர்கள் என்றாள்.

முதல் இரண்டு நாள்களில் குறைந்த 40-உம் 15-உம் எங்கே போயின என்று இன்னும் தெரியவில்லை. காரணம் தெரியாத தொகைகளுக்கான அனாமத்துக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் வெள்ளிக்கிழமை திரும்புகிறாள்.