ட்ரோனைத் தூக்கும் முன் வரப்பில் ஒரு சுற்று நடங்க

இந்தப் போகம் ஆரம்பித்ததிலிருந்து "அண்ணா, ட்ரோன் கோர்ஸ் சேரலாமா, பிழைக்க முடியுமா" என்று கேட்டு நிறைய பேர் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் நெல்லிக்குப்பத்துக்கும் பாகூருக்கும் நடுவில், நெல்லுக்கும் கரும்புக்கும் மருந்து அடித்துக் கொடுக்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர்களின் வழி வேறு. எனக்குத் தெரிந்தது வயல் வேலை, அதைத்தான் சொல்ல முடியும்.

பேப்பர் வேலையை முதலில் முடித்துவிடலாம். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் உள்ள பயிற்சி நிலையத்தில் மட்டும் சேருங்கள். சான்றிதழ் 10 வருஷத்துக்குச் செல்லும். எந்த வகைக்குச் சான்றிதழ் தருகிறார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். 10 லிட்டர் டேங்க் வைத்த ட்ரோன் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையிலான 'ஸ்மால்' வகை. 2 கிலோ வரையிலான 'மைக்ரோ' வகைச் சான்றிதழை வைத்துக்கொண்டு அதைத் தொடக்கூடாது. ட்ரோனுக்கு டைப் சான்று (அந்த மாடலுக்கான ஒப்புதல்), யுஐஎன் நம்பர் (பதிவு எண்), மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்றும் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. பில் இல்லாமல் பாதி விலைக்கு யாராவது காட்டினால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது வான்வெளி வரைபடம், அதாவது ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசு வரைபடம். பயிருக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில்தானே பறக்கிறோம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். விமான நிலையத்தின் சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் (அனுமதி வாங்கித்தான் பறக்கலாம்), சிவப்பு (பறக்கத் தடை) மண்டலங்கள் தரையிலிருந்தே தொடங்கிவிடும். புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையம் இருப்பதால், வில்லியனூர் பக்கம் வேலை வந்தால் வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். நெய்வேலிப் பக்கமும் அப்படித்தான். பெரிய தலைவர்கள் வருகை மாதிரி நேரங்களில் 96 மணி நேரம் வரை ஒரு இடத்தைத் தற்காலிக சிவப்பு மண்டலமாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதனால் நேற்றுப் பச்சையாக, அதாவது தடை இல்லாமல் இருந்த இடத்தையும் இன்று காலை திரும்பப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இன்னொன்று: வாய்க்காலுக்கு இந்தக் கரை கடலூர் மாவட்டம், அந்தக் கரை புதுச்சேரி. எந்தக் காவல் நிலைய எல்லையில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் முடிகிற விஷயம். பறக்க விடவும் சீக்கிரமே கை வந்துவிடும். மேப் போட்டுவிட்டால் பாதி வேலையை அதுவே பார்க்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியது தரையில்தான் இருக்கிறது. பயிர், பூச்சி, காற்று, பக்கத்து வயல்காரர். இந்த நான்கும் தெரியாதவர் எவ்வளவு அழகாக ஓட்டினாலும் அடுத்த போகத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பாகூர் பக்கம் ஒரு பெரியவர் கூப்பிட்டார், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்காக. "தம்பி, புகையான் உட்கார்ந்திருக்கு. ட்ரோன்ல ஒரு தடவ அடிச்சி உட்டுடு." போய்ப் பயிரை விலக்கிப் பார்த்தால், தண்ணீருக்கு ஒரு விரல் மேலே, தூரோடு தூராகப் பழுப்பாக மொய்த்துக் கிடக்கிறது. "ஐயா, இது அடித்தூர்ல இருக்கு. நாம மேல அடிக்கிறது அதுக்குப் போய்ச் சேராது. தண்ணிய வடிச்சிடுங்க, எட்டடிக்கு ஒரு பட்டம், அதான் பயிருக்கு நடுவுல இடைவெளி, விடுங்க, கைத்தெளிப்பான்ல தூருல படுற மாதிரி அடிக்கச் சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு எனக்கு வருமானம் இல்லை. ஆனால் அவர் கரும்புக்கு என்னைத்தான் கூப்பிட்டார். இலைச்சுருட்டுப் புழு என்றால் ட்ரோன் நன்றாகவே வேலை செய்யும், அது மேலே இருக்கிறது. எது எங்கே உட்காரும் என்று தெரிந்துகொண்டு, இதற்கு ட்ரோன் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். கரும்பு ஆள் உயரம் வளர்ந்துவிட்டால் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு யாரும் உள்ளே நுழைய முடியாது, தோகை உடம்பெல்லாம் கிழித்துவிடும். ட்ரோன் உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் அது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் காலை நேரம்தான் நம்முடையது. வெயில் ஏற ஏறக் கடல்காற்று உள்ளே வந்துவிடும், மதியம் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நாள் முழுக்கப் படுத்தும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, காற்றே இல்லாத விடியற்காலையும் ஆபத்து என்பது. மார்கழி, தை மாதங்களில் பனி தரையோடு படிந்து கிடக்கும். தரை குளிர்ந்து, அதற்கு மேலே இருக்கும் காற்று சூடாக இருக்கும். அந்த நேரத்தில் அடித்தால் பொடித்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து, மெதுவாக நகர்ந்து, நாம் நினைக்காத வயலில் போய் உட்காரும். நான் வரப்பில் ஒரு ஊதுபத்தி கொளுத்திக் குத்தி வைப்பேன். புகை மேலே ஏறிக் கலைந்தால் ஆரம்பிக்கலாம். இடுப்பளவு எழும்பி, அப்படியே படுக்கையாகக் கோடு போட்டுப் போனால், பனி விலகும் வரை டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஏன் இவ்வளவு கவலை என்றால், கரும்பில் களைக்கு அடிக்கிற 2,4-டி பக்கத்துப் பருத்தியிலோ கத்தரியிலோ லேசாகப் பட்டாலே இலை சுருண்டு கோணிவிடும். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டைகள் உண்டு. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து இறாலுக்கு நேரடி விஷம். அதனால் ட்ரோனை வண்டியிலிருந்து இறக்கும் முன் நான்கு வரப்பையும் நடந்து வாருங்கள். பக்கத்தில் என்ன பயிர், குட்டை இருக்கிறதா, மாட்டுக்குப் புல் அறுக்கிறார்களா, பம்புசெட்டுக்குப் போகிற லைன் எங்கே, கம்பத்தைத் தரையோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி எங்கே என்று பாருங்கள். ஸ்டே கம்பி திரையில் தெரியாது, நடந்தால்தான் தெரியும். எதிர் வரப்பில் ஒரு ஆளை நிறுத்தாமல் பறக்க விடாதீர்கள்.

மருந்து கலப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கையால் அடிக்கும்போது ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வரை போகும். ட்ரோனில் 10 லிட்டர்தான். மருந்தின் அளவோ ஏக்கருக்கு அதேதான். அப்படியென்றால் நம் டேங்கில் இருக்கும் கரைசல் இருபது மடங்கு காரம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். விவசாயி இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து அடிக்கச் சொன்னால், அதே விகிதத்தில் ஒரு பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றால் டேங்கில் ஊற்றவே கூடாது, மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொள்ளும்.

பேட்டரி கணக்கையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பாரத்தோடு ஒரு செட் பத்து நிமிஷம் தாங்கினால் அதிகம். நாலைந்து செட்டும் சொந்த ஜெனரேட்டரும் இல்லாவிட்டால் காலை நேரம் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே போய்விடும். அறுவடைக்குப் பிறகு வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியை முழு சார்ஜில் வைக்காதீர்கள், உப்பிவிடும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் டேங்கை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசிய தண்ணீரை அடித்த வயலின் மேலேயே தெளித்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று வாய்க்காலில் ஊற்றாதீர்கள், கீழே மாடு தண்ணீர் குடிக்கும். உப்புக்காற்று பட்ட மோட்டாரையும் கனெக்டரையும் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள். சேருவதற்கு முன் இந்த வேலையை ஒரு நாள் நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.