ஒரு தரம் அளந்த 7 செக்கன்

"தம்பி, அண்டைக்கும் ஏன் மூணு தரம் பார்க்கல்ல?"

கேட்டவர் என் கிளினிக்குக்கு வரும் மீனவர். அவர் கோபமாகக் கேட்கவில்லை. குனிய முடியாமல் காலாலேயே செருப்பைத் தேடிக்கொண்டு கேட்டார். "அண்டைக்கு ஆக்கள் கூட, ஐயா" என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பதிலை இன்னும் மனதுக்குள் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

நாலு மாதமாக அவருக்குக் கீழ் முதுகில் நாரி நோவு. மூன்று மாதம் தாண்டினாலே அதை நாட்பட்ட நோவு என்போம். வாவியில் தோணியின் அணியத்தில் நின்று வீச்சு வலை எறிகிறவர். முதல் நாள் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். 7 செக்கனில் மற்றக் காலை ஊன்றிவிட்டார். ஒரே ஒரு தரம்தான். கொப்பியில் எழுதிவிட்டு, "சமநிலை நல்லாக் குறைஞ்சிருக்கு ஐயா, இப்போதைக்குத் தோணியில நிண்டு வலை வீச வேணாம்" என்று சொன்னேன். சொன்னபடி கேட்டார். ஆறு கிழமை மருமகன்தான் தோணி கொண்டு போனார், பாதிப் பங்குக்கு.

ஆறு கிழமை கழித்து வந்தபோது பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி பக்கத்தில் நின்றாள். அவளுக்குக் காட்ட வேண்டுமே என்று எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். வெறுங்கால், அதே கால், ஒரு தரம் பழக விட்டு, இடையில் இருத்தி ஓய்வு கொடுத்து, மூன்று தரம். வந்தது 6, 15, 11. அதே ஆள், அதே சீமெந்துத் தரை, பத்து நிமிடத்துக்குள். முதல் தரத்தோடு நிறுத்தியிருந்தால், "ஐயா, முந்தியை விடக் குறைஞ்சிருக்கு" என்று சொல்லியிருப்பேன். மாணவி சராசரி போட்டாள், கிட்டத்தட்ட 11. நான் "முன்னேற்றம்" என்றேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. உடல் ஆட்டத்தைப் பதியும் விசைத்தட்டில் ஏற்றினால்கூட, அரை நிமிடம் ஒரு தரம் பதிந்த அளவை நம்பிவிட முடியாது. ஒன்றரை நிமிடம் அளவில், பல தரம் பதிந்து சராசரி எடுத்தால்தான் அடுத்த முறை எடுப்பதோடு ஓரளவு ஒத்துவரும். அது கருவி. என்னிடம் இருந்தது ஸ்டொப் வோட்சும் என் கண்ணும். நோவு காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. அவர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து விடியவே பஸ் ஏறி, குலுங்கிக் குலுங்கி வந்தவர். விழுந்துவிடுவேனோ என்ற பயம் வேறு. அளவே இவ்வளவு தூரம் ஆடுகிறபோது, அந்த ஆட்டத்தை மீறிய வித்தியாசம் வந்தால்தானே மாற்றம் என்று சொல்லலாம்? 7க்கும் 11க்கும் நடுவில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி, வேறு விதமாகவும் யோசிக்கிறேன். நாரி நோவுள்ள பலர் முதுகிலிருந்து வரும் உணர்வை விட்டுக் கணுக்காலையே கூடுதலாக நம்பி நிற்கிறார்கள். கெட்டித் தரையில் அது போதும். காலுக்குக் கீழே பலகையே ஆடினால் கணுக்கால் சொல்வதை நம்ப முடியாது. தோணி அப்படித்தானே. அப்படிப் பார்த்தால் வலை வீச வேண்டாம் என்று மறித்தது சரியாகவே இருக்கலாம். வாவியில் தனியாக விழுந்திருந்தால்? இதைச் சொல்லித்தான் சில இரவுகளில் என்னைச் சமாதானப்படுத்துகிறேன். ஆனால் அன்று நான் கணுக்காலையும் நினைக்கவில்லை, தோணியையும் நினைக்கவில்லை. 7 என்ற இலக்கத்தைப் பார்த்துத்தான் மறித்தேன். அவருக்கும் அந்த இலக்கத்தைத்தான் காரணமாகச் சொன்னேன். பயந்து சொன்னேன் என்று சொல்லியிருந்தால், அவர் தன் யோசனையையும் சேர்த்து முடிவெடுத்திருப்பார்.

பாதிப் பங்கு ஆறு கிழமைக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது மூன்று தரம் பார்க்கிறேன். கூட்டமான நாளில் இரண்டு. மாணவி நிற்காத நாளில், உண்மையைச் சொன்னால், ஒன்றோடு நிறுத்தியதும் உண்டு. அப்படி நிறுத்தினால் கொப்பியில் பக்கத்தில் "ஒரு தரம்" என்று எழுதிவிடுகிறேன்.

போன கிழமை அவர் கோல் எடுத்தார். வீட்டிலும் பின்னேரத்தில் கண்ணை மூடி நின்று பார்க்கிறாராம், மகள் போனில் நேரம் பிடிக்கிறாளாம். "இருபது வந்திச்சு தம்பி" என்றார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நாரி தேறி வந்த இருபதா, நின்று நின்று பழகி வந்த இருபதா? வாற கிளினிக்குக்கு வருகிறார். தோணியில் ஏறலாமா என்று கேட்பார்.