பெரியப்பா முறைத்த நாலு விநாடி

தம்பி மகளுக்குக் காதுகுத்து வைகாசியில். சண்டை ஆவணியில். நடுவில் இருந்த மூன்று மாதமும் வீடியோ கைக்கு வரக் காத்திருந்ததில் போயிற்று.

படம் பிடித்தவர் கடைசியில் ஒரு பென் டிரைவை நீட்டி, "முகூர்த்த சீசன் சார், எடிட்டிங் பையன் வேற ஊருக்குப் போயிட்டான்..." என்று இழுத்தார். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் யூடியூபில் சினிமா எடிட்டிங் பாடம் பார்க்கிற ஆள் எங்கள் குடும்பத்தில் நான் மட்டும்தான். நீச்சல் வீடியோ பார்த்தவனைக் கிணற்றில் தள்ளுகிற யோசனை அது. அவன் தள்ளுவதற்குள் நானே குதித்துவிட்டேன்.

ரெண்டு கேமரா, ஐந்தேகால் மணி நேரப் படம். மண்டபம் திண்டுக்கல் பக்கம். மொட்டை, ஆசாரி, தாய்மாமன் மடி, மொய், பந்தி எல்லாம் ஒழுங்காகத்தான் பதிவாகியிருந்தது. எனக்குக் கண்டம் சீர்வரிசையில் இருந்தது. தாய்மாமன் சீர் எங்கள் பக்கம் லேசுப்பட்ட காரியம் இல்லை. தம்பி மச்சினன் செண்டை மேளம் வைத்து, இருபத்தொரு தட்டு, பட்டுப்பாவாடை, கொலுசு, தங்கத்தோடு, மாலை போட்ட ஒரு ஆட்டுக்கிடா சகிதம் தெருவையே அடைத்துக்கொண்டு வந்தான். ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்து, கேமராக்காரர் ஒயரில் கால் தடுக்கி நாலு விநாடி மண்டபத்தின் கூரையைப் படம் பிடித்திருந்தார்.

அந்த நாலு விநாடியை வெட்டி எறிந்தால், பதினோராவது தட்டிலிருந்து பதினேழாவது தட்டுக்குப் படம் தாவுகிறது. சம்பந்தி வீட்டில் கண்டிப்பாக எண்ணுவார்கள். இந்த மாதிரி இடத்துக்கு எடிட்டர்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. நடுவே வேறு எதையாவது காட்டிவிடுவது: வேடிக்கை பார்க்கிற ஒரு முகம், சுவர்க்கடிகாரம், ஐஸ்கிரீம் சாப்பிடுகிற குழந்தை. கட்அவே என்பார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுத்துணி. தேடினேன். ரெண்டாவது கேமராவில் பெரியப்பா கிடைத்தார்.

பெரியப்பா நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். சங்கிலி போட்டு அளந்து அளந்து, மனுஷர் முகமே எஃப்.எம்.பி. என்கிற நில அளவு வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. கோடுகள் உண்டு, உணர்ச்சி கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அளவெடுத்தது மாதிரி நாலு விநாடி. ஒட்டினேன். செண்டைச் சத்தம் மைக்கைக் கிழித்திருந்ததால் அந்த நாலு விநாடிக்கும் ஒலியைச் சுத்தமாக அணைத்துவிட்டு, அப்புறம் மேளத்தை மெதுவாக ஏற்றினேன். வேலை கனகச்சிதம் என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் பதினேழு பேர் டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ராத்திரி எட்டே முக்காலுக்குப் போன் வந்தது. தம்பியின் மாமனார்.

"தம்பி, சாப்டாச்சா?"

"ஆச்சுங்க மாமா."

"வீடியோ பார்த்தோம். நல்லா இருக்கு."

அதற்கப்புறம் ஒரு மௌனம். வயிற்றுக்குள் ஏதோ உருளுகிற மாதிரியான மௌனம்.

"எங்க சீர்ல என்ன குறை கண்டாரு உங்க பெரியவரு?"

போனை வைத்துவிட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை சம்பந்தி வீட்டுக் கண்ணால். மேளம் அதிர்கிறது. தட்டுகள் வருகின்றன. சட்டென்று உலகமே ஊமையாகிறது. பெரியப்பா கண்ணைச் சுருக்கி, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு தட்டாக எண்ணுகிறார். கடைசித் தட்டு வந்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். மறுபடி மேளம். எனக்கே கோபம் வந்தது.

மூலப் படத்தைத் தோண்டினேன். அது காலை ஏழே முக்காலுக்கு எடுத்தது. சீர் வந்தது ஒன்பது பத்துக்கு. பெரியப்பாவுக்கு எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன். அது தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றுகிறது. காற்று போகிற திசையிலேயே அவர் கண்ணும் போகிறது. ஃபேன் அடுத்த வரிசைக்குத் திரும்பியதும் உதடு பிதுங்குகிறது. வைகாசி வெயில், வேறென்ன.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். இங்கேதான் புத்தி கொஞ்சம் பிசகியது. ஃபேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் ரஷ்யாவிலிருந்து ஆரம்பித்தேன்.

"மாமா, 1920 வாக்குல ரஷ்யாவுல குலெஷோவ்னு ஒருத்தர். ஒரு நடிகரோட முகம், சும்மா வெறிச்சுப் பாக்குற முகம், அதை எடுத்தாரு. அதுக்குப் பக்கத்துல ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினாரு. இன்னொரு தடவை சவப்பெட்டியில ஒரு குழந்தை. இன்னொரு தடவை ஒரு பொம்பளை. முகம் மூணு தடவையும் அதேதான் மாமா. ஆனா ஜனங்க, ஆகா, பசியை எப்படி நடிச்சிருக்காரு, சோகத்தை எப்படி நடிச்சிருக்காருன்னு பாராட்டினாங்களாம்."

"சரி. அவரு உங்க பெரியப்பாவுக்கு என்ன முறை?"

குலெஷோவ் எடுத்த அந்தத் துண்டுப்படம் இன்றைக்கு இல்லை. அவருடைய சீடர் புடோவ்கின் எழுதிவைத்ததை வைத்துத்தான் பெரும்பாலும் நாம் பேசுகிறோம். நடிகர் மோசுகின், ஜார் காலத்துப் பெரிய நட்சத்திரம். இதையும் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி போனைப் பிடுங்கி, "அண்ணே, பெரிய மாமா ஃபேனைப் பாத்தாருங்கண்ணே" என்றாள்.

மாமா நம்பவில்லை. தம்பி மனைவிதான் ஒரு சாட்சியைக் கண்டுபிடித்தாள். மண்டப வாசலில் சந்தனம் கொடுக்க ஆரம்பித்தது எட்டு மணிக்கு. சீர் வரும்போது பெரியப்பா நெற்றியில் சந்தனம் இருக்கிறது. முறைக்கும்போது இல்லை. நீதிமன்றத்தில் கூட எடுபடுகிற சாட்சி. தன் அப்பாவிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சீர் வர்றதுக்கு முன்னாடியே முறைக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்றாராம்.

இதற்கு நடுவே தாய்மாமன் தரப்பிலிருந்து ரெண்டாவது புகார். காது குத்துகிற இடத்தில் நான் ஒரு வித்தை காட்டியிருந்தேன். படம் வருவதற்கு அரை விநாடி முன்னாலேயே அதன் சத்தத்தை விட்டுவிடுவது. சினிமாவில் எங்கும் நடக்கிற விஷயம்தான்; அடுத்த காட்சிக்கு நம்மைக் காது பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஆசாரி ஊசியைக் குத்துவதற்கு முன்பே குழந்தையின் வீல் சத்தத்தை விட்டேன். ஆனால் அந்த அரை விநாடியில் திரையில் இருந்தது குழந்தை இல்லை. தேங்காய்த் தட்டைக் கேட்டு வாயைத் திறந்திருந்த மச்சினன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் நம் காது தன்னைவிடக் கண்ணைத்தான் நம்பும். எந்த வாய் திறந்திருக்கிறதோ அதற்கே சத்தத்தைக் கொடுத்துவிடும். ஆறடி ஆள், முறுக்கு மீசை, "ம்மாஆஆ" என்று ஒரு வயசுக் குழந்தைக் குரலில் அலறுகிறார். ஊசி இன்னும் ஆசாரி கையில். அவர் ஊர்ப் பிள்ளைகள் அதை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதில் ஒரு வாண்டு, மெகா சீரியலில் வருகிற மாதிரி அதே முகத்தை மூன்று தடவை முன்னுக்கு இழுத்து, மூன்று இடி போட்டிருந்தான். என்னைவிட நல்ல எடிட்டர்.

சரி, திருத்திக் கொடுப்பது என்று உட்கார்ந்தேன். கூரை விழுந்த நாலு விநாடிக்குப் பெரியப்பாவை விட்டால் வேறு நாதி இல்லை. படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த ராத்திரி நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

முதலில், அணைத்து வைத்திருந்த ஒலிக்குப் பதில் மண்டபத்தின் வெற்று இரைச்சலைப் போட்டேன். ஆள் நடமாட்டம், எங்கோ ஒரு நாற்காலி இழுபடுவது, அவ்வளவுதான். சினிமாவில் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் இதைப் பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சுத்தமாகச் சத்தமே இல்லாத இடம் பூமியில் கிடையாது. அப்படி ஒன்றைக் காதில் போட்டால், ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. இரைச்சலைப் போட்டதுமே பெரியப்பாவின் முறைப்பில் பாதி கரைந்து போனது.

அப்புறம் ஆசை விடவில்லை. நாதஸ்வரத்தைப் போட்டேன்: தம்பி பேத்தியை நினைத்து உருகுகிற பெரிய மனுஷர். குழந்தைகள் சிரிக்கிற சத்தம்: தாத்தா, கையில் மிட்டாய் இல்லாததுதான் குறை. "பந்தி போட்டாச்சு" என்று யாரோ கத்துகிற குரல்: அதே கண், அதே உதடு, இப்போது சாம்பாருக்காக ஏங்குகிறது. கடைசியாக, சமையல்கட்டு கிரைண்டர் சத்தத்தை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 1972இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தில் ஹோட்டலில் மைக்கேல் சுடுவதற்கு முன்னால் ஒரு ரயில் சத்தம் கிறீச்சிட்டு ஏறும். ரயில் கண்ணில் படாது. ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச், அதை மைக்கேலின் தலைக்குள் ஓட விட்டிருப்பார். கிரைண்டர் ஏற ஏற, பெரியப்பா யாரையோ தீர்த்துக்கட்டப் போகிறார் என்று எனக்கே முதுகு சில்லிட்டது. தண்ணீர் குடிக்க வந்த என் மகன் அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனான்.

கடைசியில் நாதஸ்வரமும் இரைச்சலும் கலந்து வைத்தேன். தட்டுகளின் சலசலப்பு போதவில்லை. எவர்சில்வர் டம்ளரில் ரெண்டு ஸ்பூனைப் போட்டு ஆட்டிப் பதிவு செய்து சேர்த்தேன். கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரை ஓட வைத்த தொழில்தானே இது. மாமா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "பெரியவரு என்ன ஒரு நிறைவாப் பாக்குறாரு பாரு" என்று வீட்டில் சொன்னதாகக் கேள்வி. கொலுசுச் சத்தமும் தெளிவாகக் கேட்டதாம்.

இது எதுவும் தெரியாத பெரியப்பாவிடம் ஒருநாள் ரெண்டு வீடியோவையும் போட்டுக் காட்டினேன். முதலாவதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டாவது முடிந்ததும், "நான் எப்போடா சந்தோஷப்பட்டேன்?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பழசை அழிச்சுடாத. நான் என்ன நினைக்கிறேன்னு எல்லாரும் கூடிப் பேசினது இதுதான் முதல் தடவை."

அடுப்படியிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தார். கோடம்பாக்கத்தில் பின்னணி இசைக்கு ஆர்.ஆர். என்று பெயர் என்பதை நான் சற்று முன்புதான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"நாப்பத்தி மூணு வருஷமா அந்த முகத்துக்கு நான்தானே ஆர்.ஆர். போட்டுட்டு இருக்கேன்" என்றார்.

கார்த்திகையில் தம்பி வீடு கிரகப்பிரவேசம். பெரியப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா உள்ளே வந்ததும் வராததுமாக, ஓரத்தில் நின்ற பெடஸ்டல் ஃபேனைத் தரதரவென்று இழுத்துவந்து அவருக்கு நேர் எதிரே வைத்தார். பின்னால் குனிந்து சுற்றுகிற திருகை மேலே இழுத்து, ஆடாமல் நிறுத்தினார். காற்று நேராக முகத்தில் அடித்தது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, பல் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தார்.

ரெண்டு கேமராவும் அப்போது பந்தியில் இருந்தன.