ஹெச்ஓஏ போர்டுக்கு ஆள் பிடிப்பது எப்படி

"போர்டில் இரண்டு இடம் காலி. விருப்பமுள்ளவர்கள் பதில் அனுப்பவும்." அமெரிக்காவில் ஒரு குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம்தான் ஹெச்ஓஏ; அதன் நிர்வாகக் குழு போர்டு. ஆண்டுக் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இப்படி ஒரு இமெயில் 180 வீடுகளுக்கும் போகும். ஒரு பதில்கூட வராது. யாருக்கும் அக்கறையில்லை என்று போர்டில் இருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஊருக்கே அனுப்பிய கடிதத்தைத் தனக்கு வந்ததாக யார்தான் எடுத்துக்கொள்வார்கள்? போதாததற்கு, படிப்பவர் மனதில் எழும் மூன்று கேள்விகளுக்கு அதில் பதிலே இருக்காது. எவ்வளவு நேரம் போகும்? என்மேல் வழக்குப் போடுவார்களா? பிடிக்காவிட்டால் விலக முடியுமா?

முதலில் நேரம். அன்றாட வேலைகளைக் கவனிக்க மேனேஜ்மென்ட் கம்பெனி வைத்திருக்கும் நடுத்தர சங்கத்தில் சாதாரண போர்டு உறுப்பினருக்கு மாதம் 4 முதல் 6 மணி நேரம் என்று கணக்கு வைக்கலாம். கூட்டம் ஒன்றரை மணி, முன்கூட்டியே வரும் கூட்ட ஆவணங்களை (போர்டு பாக்கெட்) படிக்க ஒரு மணி, மீதியெல்லாம் இமெயில். தலைவருக்கு ஏறக்குறைய இரு மடங்கு. பட்ஜெட் போடும் மாதங்களில் எல்லோருக்குமே கூடும். கம்பெனி இல்லாமல் தாங்களே நடத்திக்கொள்ளும் சங்கத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே ட்ரெஷரர் தலையில்தான் பாரம் விழும். எதுவானாலும் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். "பெரிதாக ஒன்றும் வேலை இருக்காது" என்று சொல்லி உள்ளே இழுக்கப்பட்டவர் நான்காவது மாதமே ராஜினாமா கடிதத்தோடு நிற்பார்.

அடுத்தது வழக்குப் பயம். விசாரித்து, நல்லெண்ணத்தோடு, சொந்த லாபம் பாராமல் எடுத்த முடிவில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. பிஸினஸ் ஜட்ஜ்மென்ட் ரூல் என்பது இதுதான். அதற்கு மேல், போர்டு உறுப்பினர்கள் மேல் வழக்கு வந்தால் செலவைத் தாங்கும் டி அண்ட் ஓ இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆள் தேடக் கிளம்பும் முன் அந்தப் பாலிசியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கமிட்டி உறுப்பினர்கள் அதில் சேர்த்தியா? பதவி முடிந்தவர்களுக்கும் பாதுகாப்பு உண்டா? பணம் கேட்காமல், போர்டின் முடிவை ரத்து செய்யச் சொல்லி மட்டும் போடும் வழக்குக்குச் செலவு தருமா? மலிவான பாலிசிகளில் இந்த மூன்றாவதுதான் விடுபட்டுப் போகும். ஹெச்ஓஏ வழக்குகளில் அடிக்கடி வருவதும் அதே வகைதான். போர்டு உறுப்பினர் சம்பளம் வாங்கக் கூடாது என்பது பெரும்பாலான பைலாக்களில், அதாவது சங்க விதிகளில், இருக்கும். "ட்யூஸை (சங்கக் கட்டணத்தை) தள்ளுபடி செய்கிறோம், வாருங்கள்" என்று ஆசை காட்டுவதும் ஒருவகையில் சம்பளம்தான்; தன்னார்வலர் என்ற சட்டப் பாதுகாப்பையே அது ஆட்டம் காண வைக்கலாம்.

யாரிடம் கேட்பது? கூட்டத்தில் சத்தம் போடுபவரிடம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். புகார் செய்பவர்களில் இரண்டு ரகம். "வேலி விழுந்து கிடக்கிறது, என்னதான் செய்கிறீர்கள்?" என்பவர் ஒரு ரகம். எந்தத் தெரு, எந்தத் தூண், எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று இரண்டு போட்டோவோடு எழுதுபவர் இன்னொரு ரகம். இரண்டாமவரை விடாதீர்கள். வீட்டில் மாற்றம் செய்ய அனுமதி கேட்டு, படம், அளவு, பெயிண்ட் நம்பர் எல்லாம் முதல் தடவையே சரியாக இணைத்து அனுப்பியவர்களின் பெயர்கள் மேனேஜரிடம் இருக்கும். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு காரியத்துக்காக, அதாவது ஒரு மரத்தை வெட்டவோ ஒரு அபராதத்தை நீக்கவோ, போர்டுக்கு வரத் துடிப்பவரிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. காரியம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். முடியாவிட்டால் கூட்டத்துக்குக் கூட்டம் அதையே இழுப்பார்.

ஆளைக் குறித்ததும் தகுதியைச் சரிபாருங்கள். பல பைலாக்களில் பத்திரத்தில் பெயர் இருப்பவர்தான் நிற்கலாம். நம்மவர் வீடுகளில் இது அடிக்கடி இடிக்கும். கடன் வாங்கியபோது வேலையில் இருந்தவர் பெயரில் மட்டும் பத்திரம் பதிந்திருப்பார்கள். நேரமும் ஆர்வமும் இருப்பதோ மற்றவருக்கு. வாக்குச்சீட்டு அச்சாகிய பிறகு தெரிந்து பயனில்லை.

கேட்பதை நேரில் கேளுங்கள். தபால் பெட்டிகள் இருக்கும் இடம், நாயோடு நடக்கும் பாதை, எங்கேயானாலும் பத்து நிமிடம் போதும். எடுத்த எடுப்பில் போர்டுக்குக் கூப்பிடாதீர்கள். "வேலி பற்றி எழுதியிருந்தீர்களே, மூன்று கான்ட்ராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுத் தர ஒருவர் வேண்டும். ஆறு வாரத்தில் முடிந்துவிடும். நீங்கள் செய்ய முடியுமா?" இப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. வேலை நடக்கும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். அவருக்கும் போர்டைத் தெரிந்துவிடும். அடுத்த வாசல் காலியிட நியமனம். யாராவது பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கு ஒருவரை போர்டே நியமிக்கலாம் என்று பெரும்பாலான பைலாக்கள் அனுமதிக்கின்றன. விலக முடியுமா என்ற மூன்றாவது கேள்விக்கும் இதுதான் மருந்து: இரண்டு வருடம் என்றால் தயங்குபவர் எட்டு மாதம் என்றால் தலையாட்டுவார்.

இதெல்லாம் மூன்று வாரத்தில் நடக்காது. ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். சில இடங்களில் சட்டமே நீண்ட அவகாசம் கேட்கிறது. கலிஃபோர்னியாவில் இடங்களுக்கு மேல் வேட்பாளர்கள் இல்லையென்றால் வாக்கெடுப்பில்லாமல் தேர்வானதாக அறிவிக்க 2022 முதல் வழி இருக்கிறது. ஆனால் அதற்கான முதல் அறிவிப்பு, வேட்புமனுவின் கடைசி நாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே போயிருக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் 2024 ஜூலை முதல், ஹெச்ஓஏ இயக்குநர் ஆனவர் 90 நாளுக்குள் பயிற்சி முடிக்க வேண்டும். இதையும் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் 60 வீட்டுச் சங்கத்தில் ஐந்து இடம் நிரம்பவில்லை என்றால், ஐந்து இடம் தேவையா என்று பாருங்கள். பைலாவில் "மூன்று முதல் ஐந்து வரை" என்றிருந்தால் போர்டு தீர்மானமே போதுமாக இருக்கலாம். இல்லாவிட்டால் உறுப்பினர் வாக்கோடு திருத்த வேண்டும். ஒருவருமே வராத நிலையில் சங்கத்தை நடத்த நீதிமன்றமே ஒருவரை (ரிசீவர்) நியமிக்கலாம். அவருடைய கட்டணமும் வக்கீல் செலவும் வீட்டுக்காரர்கள் தலையில்தான் விடியும். ஆண்டு அறிவிப்பில் இதை ஒரு வரி, ஒரே தடவை எழுதினால் போதும். திரும்பத் திரும்ப எழுதினால் மிரட்டலாகிவிடும்.

வந்தவரை விரட்டுவது எது? முதல் கூட்டத்திலேயே தலைவர் பதவியைத் தலையில் கட்டுவது. பத்து வருட ஃபைல்களை ஒரே ஜிப்பாக அனுப்பி "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது. இரவு பத்தைத் தாண்டும் கூட்டம். எல்லாவற்றையும்விடப் பெரியது, ஞாயிறு காலை வீட்டுக் கதவைத் தட்டிக் குப்பைத் தொட்டிப் பஞ்சாயத்துக் கேட்பவர்கள். எல்லாக் கோரிக்கையும் மேனேஜருக்கோ சங்க இமெயிலுக்கோதான் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, கதவைத் தட்டுபவரிடம் பழைய உறுப்பினர்களும் அதையே சொல்ல வேண்டும். புதியவருக்குக் கொடுக்க வேண்டியது நடப்பு பட்ஜெட், கடைசி மூன்று கூட்டக் குறிப்புகள், ரிசர்வ் ஸ்டடியின் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்புக் கணக்கின்) சுருக்கம், நடப்பு ஒப்பந்தங்களின் முடிவு தேதிகள். மற்றவை கேட்டால் தரலாம்.

முடியாது என்றவர்களுக்கும் ஒரு பட்டியல் வையுங்கள்: பெயர், கேட்ட தேதி, என்ன காரணம் சொன்னார். "மகள் காலேஜ் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றவரை அந்த ஆகஸ்டில் போய்ப் பாருங்கள்.