ஒரு வாழைக்கு எத்தனை பெயர்

வாழை மரபணு வங்கியில் சேர்ந்தபோது, புதிய ரகங்களைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்ததில் பாதிக்கு மேல், ஏற்கெனவே இருந்த பெயர்களை அடித்ததுதான்.

நம் ஊர்ப் பூவன் கேரளத்தில் பாளையங்கோடன். ஆந்திரத்தில் கர்ப்பூர சக்கரகேளி. வெவ்வேறு பயணங்களில் கொண்டுவந்த கன்றுகள் வெவ்வேறு எண்களோடு மூன்று வரிசையில் நின்றன. நெய்ப்பூவனும் அப்படித்தான், கர்நாடகத்தில் அது ஏலக்கி. நெல்லைப் போல விதையைக் குளிர்பெட்டியில் போட்டு மறந்துவிட முடிந்தால் யாருக்கும் கவலையில்லை. உண்ணும் வாழையில் விதை ஏது? வயலில் உயிரோடுதான் வைத்திருக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் நிலம், தண்ணீர், ஆள்.

அடையாளம் காண 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர்கள் வகுத்த முறை இன்றும் கைகொடுக்கிறது. நம் வாழைகளில் பெரும்பாலானவை அக்யூமினேட்டா, பல்பிசியானா என்ற இரு காட்டு வாழைகளின் வழிவந்தவை. 15 அடையாளங்களைப் பார்த்து, அக்யூமினேட்டாவை ஒத்திருந்தால் 1, பல்பிசியானாவை ஒத்திருந்தால் 5, நடுவில் இருந்தால் அதற்கேற்ப மதிப்பெண் போட வேண்டும். அக்யூமினேட்டாவின் பங்குக்கு ‘ஏ’, பல்பிசியானாவின் பங்குக்கு ‘பி’. பூவனும் ரஸ்தாளியும் ‘ஏஏபி’, மொந்தனும் கற்பூரவல்லியும் ‘ஏபிபி’ என்று பிரிவது இப்படித்தான். பூ மடலின் நிறம், அது சுருளும் விதம், காயை அறுத்தால் சூல்கள் இரண்டு வரிசையா நான்கா என்பது வரை பார்ப்போம். வாழைக்கறை படாத சட்டை ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை. எனக்குப் பிடித்தது இலைக்காம்புதான்: பள்ளத்தின் ஓரங்கள் விரிந்து கிடந்தால் அக்யூமினேட்டா பக்கம், உள்ளே மடிந்து மூடினால் பல்பிசியானா பக்கம். இருட்டில் தடவிக்கூடச் சொல்லலாம்.

மரபணுச் சோதனை வந்த பிறகு எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒருமுறை அடுத்தடுத்து நின்ற இரண்டு எண்களின் குருத்திலைகள் ஒரே முடிவைத் தந்தன. ‘இரட்டை, நீக்கலாம்’ என்று எழுதிவிட்டு, ஒன்றை வெட்டச் சொல்ல வயலுக்குப் போனேன். அங்கே இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெரியவர் மண்வெட்டியை எடுத்து வேரடியைத் தோண்டினார்.

“தம்பி, நீங்கள் இலை பறித்த கன்று எங்கிருந்து வருகிறது, பாருங்கள்.”

அது பக்கத்துத் தூரின் கிழங்கிலிருந்து வந்த கன்று. தாய் தார் போட்டுச் சாகும். கன்று ஓரடி தள்ளி எழும்பும். சில ஆண்டுகளில் வாழை நடந்தே அடுத்த வீட்டுக்குள் போய்விடும். நான் ஒரே வாழையில் இரண்டு முறை இலை பறித்திருந்தேன். சோதனையில் பிழையே இல்லை. பிழை என் காலடியில் இருந்தது. நல்லவேளை, அன்று எதையும் வெட்டவில்லை.

இன்னொரு சிக்கல் இதற்கு நேர் எதிரானது. செவ்வாழைத் தூரில் சில நேரம் பச்சைத் தண்டோடு ஒரு கன்று வரும். அது பச்சைத் தாரே போடும். பூவனிலிருந்து பிரிந்த மொட்டைப் பூவனில் தார் நுனியில் பூவே தொங்காது. நாங்கள் பயன்படுத்திய மரபணுக் குறியீடுகள் இவற்றைத் தாயிலிருந்து பிரித்துக் காட்டவில்லை. சந்தையில் கூடை வைத்திருப்பவர் ஒரு பார்வையில் பிரித்துவிடுவார். விதிப்படி பார்த்தால் இவையும் இரட்டைகள்தாம், அடிக்க வேண்டியவை.

போன மாதம் செவ்வாழை வரிசையில் அப்படி ஒரு பச்சைக் கன்றைக் கண்டு, பெரியவர் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார். கிழங்கோடு பிரித்து நட்டு, புது எண் கொடுத்தேன். குறிப்புப் பத்தியில் ‘பச்சை’ என்ற ஒரே சொல். இனி, இன்னும் கொஞ்சம் நிலம் வேண்டும் என்று மேலே கடிதம் எழுத வேண்டும். போன ஆண்டு, இருக்கும் நிலத்தைக் குறைக்கலாம் என்று எழுதியவனும் நானேதான்.